பல்லுக்குள் உடைந்த ஃபைல்: கேஸ் ஷீட்டை மாற்றி எழுதலாமா?

கேள்வி: நான் பல் கிளினிக் நடத்துகிறேன். வாரம் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர் ஒருவர் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்தபோது ஃபைலின், அதாவது வேர்க் குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி போன்ற கருவியின், முனை உடைந்து பல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. நோயாளியிடம் அவர் சொல்லவில்லை. வேறு இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் தெரியவந்து, இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் உதவியாளர் கேஸ் ஷீட் ஓரத்தில் "ஃபைல் உடைந்தது, டாக்டரிடம் சொன்னேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மாற்றலாமா? நஷ்டத்தை உதவியாளரின் சம்பளத்தில் பிடிக்கலாமா? பொறுப்பு வந்துபோகும் அந்த டாக்டருடையதுதானே?

பதில்: முதல் வேலையாக அந்த கேஸ் ஷீட்டை எடுத்துப் பூட்டி வையுங்கள். ஓரத்தில் இருக்கும் அந்த வரி உங்களுக்கு வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை மாற்றினால் வலி பல மடங்காகும். கணினியில் இருக்கும் ஆர்.வி.ஜி. படத்தில் (பல்லின் டிஜிட்டல் எக்ஸ்ரே) தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். புதுப் பக்கத்தின் மை அதோடு ஒத்துப்போகாது. சிகிச்சைக் குறைபாடு என்ற வழக்கு, ஆவணம் திருத்தியவர் என்ற வழக்காக மாறிவிடும்.

ஃபைல் உடைவது மட்டும் கவனக்குறைவு ஆகிவிடாது. வளைந்த வேர்க் குழாயில் கைதேர்ந்தவர்களுக்கும் அது நடக்கும். நுகர்வோர் ஆணையம் கேட்பது வேறு: இப்படி நடக்கலாம் என்று முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கினீர்களா? உடைந்ததும் சொன்னீர்களா? வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினீர்களா? விவரம் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது என்று சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. உங்கள் பலவீனம் மறைத்ததில்தான் இருக்கிறது.

"அவர் வந்துபோகிறவர்" என்ற வாதம் நோயாளியிடம் எடுபடாது. நோயாளி உங்கள் போர்டைப் பார்த்து வந்தார், உங்கள் பில்லுக்குப் பணம் கட்டினார். அந்த டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், கொடுக்க நேரும் இழப்பீட்டை அவரிடம் கேட்கலாம். அது உங்கள் இருவருக்குமான கணக்கு.

தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறதா? இருந்தால் பதில் நோட்டீஸுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். அவர்களைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொண்டால் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். வழக்கு வந்துவிட்டால், புகார் நகலோடு ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பதில் சொல்ல 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே அதை உறுதி செய்திருக்கிறது.

சரி, உதவியாளர். உடைத்தது அவர் இல்லை. பார்த்ததைச் சொன்னார், எழுதினார். விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் கை வைக்கவே முடியாது. கேட்டாலும் அவர் தவறால் நேர்ந்த நஷ்டம் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. "நோயாளியிடம் டாக்டர் சொன்னார்" என்று அவரிடம் கையெழுத்து வாங்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பொய்ச் சாட்சிக்கு அந்தப் பெண்ணை இழுக்கிறீர்கள். நாளை கூண்டில் நின்று உங்கள் பதிவேடு நம்பத்தக்கது என்று சொல்லப்போகிறவரும் அவர்தான்.