டிரவுட் மீனும் தொலைக்காட்சிக் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரான மண்டபத்துக்குத் திரும்பியிருக்கும் அன்பர் ஒருவர், குளிர்ந்த மலையாறுகளில் வாழும் டிரவுட் மீன் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் படப்பிடிப்பில் தாம் பணிபுரிந்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்துக் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு அவரே பதில் அளிக்கிறார்.

அரை மணி நேர நிகழ்ச்சிக்குள் ஐந்தாறு மீன்கள் அடுத்தடுத்துச் சிக்குகின்றனவே, ஆற்றில் உண்மையிலேயே அப்படித்தான் கடிக்குமா? (பாம்பன் வாசகர்)

கடிக்காது. பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. ஏதாவது நடக்கும்போது கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். டிரவுட், ஓடும் நீரை எதிர்நோக்கி, பாறையின் மறைவில் வேகம் குறைந்த இடம் பார்த்து நின்றுகொண்டு, தண்ணீர் அடித்து வரும் பூச்சிகளை எடுத்து உண்ணும் மீன். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் அதன் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிவதால், கரையில் நிமிர்ந்து நிற்கும் மனிதன் அதன் பார்வைக்குத் தப்புவது அரிது. ஆகவே ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, குனிந்தபடி, மீனின் பின்புறமாகவே நெருங்க வேண்டும்.

ஒளிப்பதிவாளருக்கோ தூண்டில் போடுபவரின் முகம் வேண்டும். அதற்காக அவர் மேல்பக்கம் போய், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார் என்றால், அவருடைய நிழல் நேராக மீன் நிற்கும் மடுவின்மீது விழும், அத்துடன் அந்த இடத்தில் அன்றைய வேலை முடிந்தது. எதிர்க்கரைப் பாறைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து, தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸால் எடுக்கச் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வெயில் ஏற ஏற மலையில் பனி உருகி, பிற்பகலில் ஆறு பெருகிக் கலங்கிவிடும் என்பதால் காலை நேரத்தில்தான் மீனுக்கு வாய்ப்பு அதிகம். படக்குழுவினர் சிற்றுண்டி முடித்து, மைக் மாட்டி, ஆற்றின் இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை என்று அதைக் கழற்றி மறுபடி மாட்டி முடிக்கும்போது அந்தக் காலை கழிந்திருக்கும்.

தூண்டிலை வீசும் அழகான காட்சிகள் மீன் இல்லாத மதிய வேளையில் எடுக்கப்பட்டவை. தூண்டில் நூலைச் சுற்றும் சக்கரம் சுழலும் நெருக்கக் காட்சியை விடுதியின் முற்றத்தில் எடுத்தார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்ததாகக் காட்டும் மீன் அந்த ஆற்றில், அந்தத் தூண்டிலில் பிடித்ததாக இருந்தால் எனக்குப் போதும்.

ஒரே மீனைத் திரும்பத் திரும்பத் தூக்கிக் காட்டிப் படம் எடுப்பார்கள் என்கிறார்களே? (கீழக்கரை வாசகர்)

கேட்பார்கள், வழிகாட்டி மறுக்க வேண்டும். அந்தப் படப்பிடிப்பில் முழங்கை நீளமுள்ள பழுப்பு டிரவுட் ஒன்று தூண்டிலில் சிக்கிக் கைவலைக்கு வந்தது. வெண்ணெய் நிற விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம்; செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தொகுப்பாளர் அதைத் தூக்கிப் பேசி முடித்தபின், ஒலி சரியாகப் பதிவாகவில்லை, இன்னொரு முறை தூக்குங்கள் என்று இயக்குநர் கேட்டார். நான் வலையை நீரிலிருந்து எடுக்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. போராடிக் களைத்த மீனின் உடலில் பிராணவாயுப் பற்றாக்குறை ஏற்கெனவே ஏற்பட்டிருக்கும். காற்றில் தூக்கியதும் செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிடைக்கும் சிறிதளவு வாயுவும் நின்றுபோகும். கனடாவில் வானவில் டிரவுட் மீன்களை வைத்துச் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், களைத்தபின் நீரிலேயே விடப்பட்டவற்றில் 12 விழுக்காடும், 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 விழுக்காடும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. நல்ல முறையில் நீந்திப் போகிறது என்று கேமராவில் தெரியும் மீன், படக்குழு விடுதிக்குத் திரும்பிய பிறகு சாகலாம்.

எனவே பேச்சை மட்டும் தனியாகப் பதிவு செய்து, மீனை வலைக்குள் நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, அது விடுபட்டுப் போவதை நீருக்கடியில் வைக்கும் சிறு கேமராவால் எடுத்தோம். அன்று மாலை வரை இயக்குநர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நம் கடலில் டிரவுட் வளர்க்க முடியுமா? (தொண்டியிலிருந்து ஒரு மாணவி)

முடியாது, தங்கையே. இருபது பாகை செல்சியசுக்கு மேல் நீர் சூடானாலே டிரவுட் தவிக்கத் தொடங்கும். நம் பாக் நீரிணையின் நீர் ஆண்டில் பெரும்பகுதி அதைவிட மிகவும் வெதுவெதுப்பானது. வட அமெரிக்காவில் வானவில் டிரவுட்டில் ஒரு பிரிவு கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புவது உண்மை. ஆனால் அது குளிர்ந்த கடல். தமிழ்நாட்டில் டிரவுட்டைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அவலாஞ்சியில் அதற்கென்று மீன் குஞ்சுப் பொரிப்பகம் உண்டு.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது, தின்பதற்கும் அல்லாமல் வெறுமனே வதைப்பது ஆகாதா? எங்கள் ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். (தேவிபட்டினம் வாசகர்)

சிரிப்பவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மீன் துன்பப்படுவதில்லை என்று நான் வாதாட மாட்டேன். குறுகிய மலையாற்றின் ஒரு மடுவில் பெரிய மீன்கள் சிலவே இருக்கும், குளிர்ந்த நீரில் அவை மெதுவாகவே வளரும், வருபவர் எல்லாரும் கொண்டுபோனால் சில பருவங்களில் ஆறு காலியாகிவிடும் என்பது மட்டுமே என் தரப்பு. உரிமச் சீட்டு வாங்கி, விதித்த அளவுக்குள் மீன் எடுத்துச் சமைப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை நான் குறைத்து மதிப்பதில்லை. டிரவுட் முட்டையிடும் காலத்தை ஒட்டி, நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும் வரை இமாச்சலத்தில் அதைப் பிடிக்கத் தடை உண்டு.

எனக்குக் கசப்பாக இருந்தது வேறொன்று. நிகழ்ச்சியின் பின்னணிக் குரல் டிரவுட்டை இமயத்தின் ஆதி மீன் என்று புகழ்ந்தது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. 1900ஆம் ஆண்டில் அதன் முட்டைகள் காஷ்மீருக்குக் கொண்டுவரப்பட்டுப் பொரிக்கப்பட்டன, பிறகுதான் இமாச்சலத்துக்கு வந்தது. தீர்த்தனின் சொந்த மீனாகிய பனி டிரவுட், பெயரில் மட்டுமே டிரவுட். உண்மையில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்காக விட்ட மீனோடு அது இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட வேண்டியிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன், எடுக்கவில்லை. மீனை மெதுவாக விடுவதைக் காட்டி இயற்கையைக் காப்பதாகச் சொல்லும் நிகழ்ச்சி, இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

என் தம்பியிடம் வல்லம் (நாட்டுப் படகு) இருக்கிறது. பாறை மீன் பிடிப்பதைப் படமெடுக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும், ஐயா? (ஏர்வாடி வாசகர்)

முதலில், மீன்பிடிக்கப் பதிவு செய்த வல்லத்தில் வெளியாட்களை ஏற்றலாமா என்று மீன்வளத் துறையிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அழகாக இருக்கிறது, ஐந்து நிமிடம் இறங்கி எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கெஞ்சினாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் இறக்கிவிடக் கூடாது. வழக்கு வந்தால் அது படகுக்காரர் தலையில்தான் விழும். கடல் அட்டை, கடல் குதிரை போன்றவை வலையிலோ தூண்டிலிலோ அகப்பட்டால் கேமராவுக்காகக் கையில் பிடித்துக் காட்ட வேண்டாம், அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிரோன் பறக்கவிடுவதற்கு உரிய அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அதைப் படகில் ஏற்றட்டும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், படமெடுக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். அப்போது வடகடலான பாக் நீரிணை ஓரளவு அமைதியாக இருக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கியபின் இது தலைகீழாகும். படக்குழு தேதியைச் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்யும், கடல் அதைக் கேட்காது. ஆகவே காற்றால் கரையில் கிடக்கும் நாளுக்கும் பாதிக் கூலி உண்டு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, முன்பணம் கைக்கு வந்த பிறகு டீசல் நிரப்பச் சொல்லுங்கள்.