பூக்களின் பள்ளத்தாக்குக்கு ஜூன் தொடக்கத்தில் போகலாமா? கேள்வி பதில்

உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஜூன் 1 அன்று திறக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் போக நினைப்பவர்கள் கேட்டவை இவை.

அண்ணா, ஜூன் 5 வாக்கில் போகிறோம். படங்களில் வருகிற மாதிரி பூக்கம்பளம் இருக்குமா?

இருக்காது. அந்தப் படமெல்லாம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மழையில் நனைந்துகொண்டே எடுத்தது. ஜூன் தொடக்கத்தில் பல இடத்தில் பனி கிடக்கும், மற்ற இடத்தில் போன வருஷத்துப் புல் பழுப்பாகச் சாய்ந்திருக்கும். ஆனால் பனி உருகி விலகிய ஓரத்து ஈரமண்ணில் முதல் ஆளாக பிரிமுலா வந்துவிடும்: தரையோடு ஒட்டிய இலைக்கொத்து, நடுவில் ஒற்றைத் தண்டு, நுனியில் பந்து மாதிரி ஊதாப் பூங்கொத்து. இலை முழுசாக விரிவதற்குள் பூத்து நிற்கும். கூட்டமும் அதிகம் இருக்காது, என்னைக் கேட்டால் நான் இந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

பனி மேல் நடக்க வேண்டுமாமே, பயமாக இருக்கிறது.

சில ஓடைகளில் நடக்கத்தான் வேண்டும். மேலே பார்த்தால் கெட்டியான பனி, அடியில் தண்ணீர் குடைந்துகொண்டே ஓடும், அதனால் ஓரங்கள்தான் முதலில் மெலிந்து உடையும், அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வனத்துறையினர் வெட்டிவிட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். காலையில் பனி இறுகி வழுக்கும், மதியத்தில் இளகிக் கால் புதையும். நல்ல பிடிப்புள்ள ஷூ, கையில் ஒரு கம்பு, போதும்.

அம்மாவுக்கு 64 வயது. குதிரை கிடைக்குமா சார்?

நெடுஞ்சாலை ஊரான கோவிந்த்காட்டிலிருந்து புல்னா கிராமம் வரை ஜீப் போகும், அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு முன்னால் தங்குகிற ஊரான காங்ரியாவுக்கு சுமார் 10 கிலோமீட்டர், அதற்குக் குதிரை உண்டு. பள்ளத்தாக்குக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை. புஷ்பாவதி ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்து, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். காங்ரியாவே 3,000 மீட்டர் உயரம், போன அன்றே ஓடாமல் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பிரம்ம கமலம் பார்க்க முடியுமா?

அது ஆகஸ்ட், செப்டம்பர் சமாச்சாரம், அதுவும் காங்ரியாவுக்கு மேலே இருக்கிற ஹேம்குண்ட் ஏரிப் பக்கம், 4,000 மீட்டருக்கு மேலே. நீலப் பாப்பிக்கும் ஜூலை வரை பொறுக்க வேண்டும்.

நண்பர் ஒரு படம் காட்டினார், படமெடுத்த பாம்பு மாதிரி ஒரு செடி. அது என்ன?

கோப்ரா லில்லி. காட்டு நிழலில், பாதை ஓரத்திலேயே நிற்கும், தேடி உள்ளே போக வேண்டாம். அந்த உறை பூ இல்லை, ஒரு வகை இலை. உள்ளே நிற்கும் தண்டின் அடியில்தான் பூக்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நாக்கு எரிந்துவிடும்.

உள்ளே டென்ட் போடலாமா?

கூடாது. சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காங்ரியாவில் தங்க லாட்ஜும் குருத்வாராவும் இருக்கின்றன.