லிபரல் ஆர்ட்ஸ், சமூக நீதிப் பட்டப்படிப்பு: சேர என்ன வேண்டும், முடிக்க என்ன வேண்டும்?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். நான் படகுக்குப் போகிறேன். தங்கச்சி பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல் குரூப். எல்லாப் பாடமும் கலந்து, சமூக நீதியை மையமாக வைத்துச் சொல்லித்தரும் லிபரல் ஆர்ட்ஸ் பட்டம்தான் படிப்பேன் என்கிறாள். அதற்கு என்ன தகுதி வேண்டும்? கிரெடிட் என்கிறார்களே, அது என்ன கணக்கு? படித்து முடித்தால் வேலை உண்டா?

பதில்:

நான் தங்கச்சிமடம். இராமநாதபுரத்தில் பி.ஏ. பொருளியல் படித்துவிட்டு, வெளிமாநிலத்தில் வளர்ச்சியியல் முதுகலை முடித்தேன். இப்போது கடலோரப் பெண்கள் சங்கங்களோடு வேலை. உங்கள் தங்கச்சி கேட்கும் படிப்பு நம் கரைக்கு மிகவும் தேவையான படிப்பு என்று நம்புகிறவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சேர்வதற்கான தகுதியில் பயப்பட ஒன்றும் இல்லை. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான பி.ஏ. பட்டங்களில் சேரலாம். நம் மாநில அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் பொது விண்ணப்பம். தமிழ், ஆங்கிலம் படிக்க அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணையும், மற்றப் பட்டங்களுக்கு மொழியல்லாத நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணையும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டாடா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு சியூஇடி என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத்தேர்வு. அது 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் அதில் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இது தெரியாததால், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெங்களூரு அசிம் பிரேம்ஜி, ஹரியானாவில் அசோகா மாதிரியான தனியார் பல்கலைக்கழகங்கள் தாங்களே தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. இந்த இடங்களுக்கெல்லாம் விண்ணப்பிக்கும் வேலை பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று இருந்தால் அந்த வருடம் போய்விடும்.

சரி, இனி முடிப்பதற்கு என்ன வேண்டும் என்பது. இதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. சீட் கிடைத்தால் போதும் என்று சேர்த்துவிடுகிறோம், உள்ளே என்ன படிக்கப்போகிறாள் என்று பார்ப்பதே இல்லை. இந்த வகைப் பட்டத்தில் அதைப் பார்க்காமல் சேரவே கூடாது.

ஒரு கிரெடிட் என்றால் ஒரு செமஸ்டரின், அதாவது அரையாண்டுப் பருவத்தின், 15 வாரமும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு. களவேலை, செய்முறை என்றால் அதே ஒரு கிரெடிட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. அந்த 120இல் பாதி, அதாவது 60, மேஜர் என்னும் முதன்மைப் பாடத்துக்கு. மைனர் என்னும் துணைப் பாடத்துக்கு 24. பிற துறைகளிலிருந்து எடுக்க வேண்டியது 9, மொழிக்கு 8, திறன் பாடங்களுக்கு 9. மீதியில் மதிப்புக் கல்விப் பாடங்களும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும் வரும். நான்காம் ஆண்டில் ஆய்வோடு ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். பல்துறைப் பட்டம் என்று வரும்போது மேஜருக்கான கிரெடிட்டை ஒரே துறையில் வைக்காமல், சேர்ந்திருக்கும் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் தங்கச்சி சொல்வது இதைத்தான்.

யுஜிசியின் இந்தக் கட்டமைப்பு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டியது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அதனால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் மாவட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம், பெரும்பாலும் 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும், நான்கில் திறன், சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, ஐந்தில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) போன்ற விரிவாக்கப் பணி. இதற்கு யாரும் லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் வைப்பதில்லை. ஆனாலும் துணைப் பாடத்தையும் விருப்பப் பாடத்தையும் யோசித்து எடுக்கிற பிள்ளை இங்கேயே பாதிப் பல்துறைப் படிப்பைப் படித்துவிட முடியும்.

(இந்தப் படிப்பு அதிகம் நடக்கும் அமெரிக்காவில் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். காலாண்டு முறையில் ஓடும் பல்கலைக்கழகங்களில் அதுவே 180. பொதுக்கல்விப் பாடங்கள், ஒரு மேஜர், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் நிறைவுப் ப்ராஜெக்ட் என்று போகும். இணையத்தில் இந்த எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.)

எண்களை விட்டு உள்ளடக்கத்துக்கு வருகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை எடுத்தால் நான் முதலில் தேடுவது ஆய்வு முறைகள் பற்றிய பாடம். புள்ளியியல் ஒன்றாவது கட்டாயமாக இருக்கிறதா? நேர்காணல் எடுப்பது, கணக்கெடுப்பு நடத்துவது, அரசு ஆவணத்தைப் படிப்பது இதெல்லாம் சொல்லித்தருகிறார்களா? அடுத்து, ஏதாவது ஒரு துறையில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று படிப்படியாக ஆழம் போகிறதா? சாதி பற்றி ஒரு பாடம், பாலினம் பற்றி ஒன்று, சுற்றுச்சூழல் பற்றி ஒன்று என்று எல்லாமே அறிமுகப் பாடமாக இருந்தால், மூன்று வருடம் கழித்துப் பிள்ளையிடம் நல்ல கருத்துகள் இருக்கும், கையில் தொழில் இருக்காது. சமூக நீதி பேசுகிற படிப்பில் இது நடந்தால் எனக்குக் கோபமே வரும். வசதியான வீட்டுப் பிள்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையால் முடியாது.

எல்லாத் துறையும் சேர்வது ஏன் அவசியம் என்பதற்கு நீங்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. கடல்பாசி எடுக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுக்கிறவர்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 21 தீவுகள் அதில் அடக்கம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும். பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்குள் போவதே குற்றம் என்ற நிலை வந்தது. பாசி எப்படி வளர்கிறது, எவ்வளவு எடுத்தால் திரும்ப வளரும் என்பது கடல் உயிரியல். யாருக்கு எங்கே உரிமை என்பது சட்டம். கரையில் கிலோவுக்கு என்ன விலை, ஆலையில் என்ன விலை, இடையில் யார் என்பது பொருளியல். மீனவர் கணக்கெடுப்பிலும் அடையாள அட்டையிலும் அந்தப் பெண்கள் ஏன் எளிதில் வருவதில்லை என்பது பாலினமும் அரசியலும். பெண்களே கூடிப் பேசி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் சில நாட்கள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதில் முன்னால் நின்ற பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பு பரிசு கொடுத்தது. இத்தனையையும் ஒரே துறையில் உட்கார்ந்து படித்துவிட முடியுமா? 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தபோது முங்கித் தொழில் செய்தவர்களுக்கு நடந்ததும் இதே கதைதான். கடலைக் காப்பாற்ற வேண்டும், கடலை நம்பி இருப்பவரும் வாழ வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்த ஆட்கள் நம் ஊரிலிருந்தே வர வேண்டும் என்பது என் ஆசை.

அதனால் களவேலைக்கு எத்தனை கிரெடிட், அதை மாணவி தன் சொந்த ஊரில் செய்ய விடுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கோடை விடுமுறை நம் மீன்பிடித் தடைக்காலத்தோடு சேர்ந்து வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்ற மாதங்களில் பிடித்து வைத்தாலும் பேசக் கிடைக்காத ஆட்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே மணிக்கணக்காகப் பேசுவார்கள். நாட்டுப்படகுகள் அப்போதும் போய்வரும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டும் பார்க்கலாம். பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உங்கள் ஊரில்தான். பெரிய நகரத்துப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்காக இங்கே வந்து போகிறார்கள். உங்கள் தங்கச்சிக்கு மொழியும் தெரியும், முகமும் தெரியும்.

அப்புறம் வேலை. இதில் பட்டத்தின் பெயர் மிக முக்கியம். டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2இல் பெரும்பாலான பதவிகளுக்கும், யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப்பணி முதுகலைக்கும் பொதுவாக எந்தப் பட்டமும் சரி. மூன்றாண்டு எல்எல்.பி.யும் அப்படித்தான், இராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பி.எட். சேர்க்கையில் எந்தப் பாடத்துக்கு எந்தப் பட்டம் என்று பட்டியல் உண்டு. "லிபரல் ஸ்டடீஸ்" என்று சான்றிதழில் இருந்தால் அந்தப் பட்டியலில் இடம் தேட வேண்டி வரும். குழந்தைகள் பாதுகாப்பு, மகளிர் உதவி போன்ற பணிகளின் அறிவிப்புகளிலும் சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்று பெயர் குறித்தே கேட்பது வழக்கம். எனவே சான்றிதழில் மேஜர் பெயர் அச்சாகுமா, எந்தப் பெயரில் என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டத்தின் பெயர் யுஜிசி அங்கீகரித்த பட்டங்களில் ஒன்றா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பட்டம் கேட்கும் பதவிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தங்கச்சி இதுவரை தமிழ் வழியில் படித்திருந்தால், ஆங்கில வழிப் பட்டத்தில் சேரும்போது, பட்டம் கேட்கும் பதவிகளுக்கு அந்த உரிமை போய்விடும். போனால் போகட்டும் என்று முடிவெடுக்கலாம், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்.

செலவு விஷயம். தனியார் பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும். அசிம் பிரேம்ஜி, அசோகா இரண்டிலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். அதற்கு வருமானச் சான்றிதழைச் சீக்கிரம் வாங்கி வையுங்கள். மாநிலத்துக்குள் படித்தால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. மீனவர் நல வாரியத்தில் நீங்கள் உறுப்பினர் என்றால் அங்கே கல்வி உதவித்தொகையையும் விசாரியுங்கள். முதல் பட்டதாரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அது தொழிற்படிப்புகளுக்கானது.

என் தங்கையாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், கட்டணம் முழுவதும் தள்ளுபடி ஆகி இடம் கிடைத்தால் வெளியே நான்காண்டு அனுப்புவேன், மேஜர் பொருளியல் அல்லது சமூகவியல் என்று ஒன்றில் ஊன்றிக்கொள்ளச் சொல்லி. பாதிச் சலுகைதான் என்றால், மீதிக்கு வட்டிக்கு வாங்கி அனுப்ப மாட்டேன். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியிலோ மதுரை அமெரிக்கன் கல்லூரியிலோ பொருளியல், வரலாறு ஒன்றில் பி.ஏ. படிக்க வைத்து, முதுகலைக்கு டாடா நிறுவனமோ சென்னை சமூகப்பணிக் கல்லூரியோ போகச் சொல்வேன். அந்த மூன்று வருடத்தில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதிப் பழகட்டும். இந்தப் படிப்பு எங்கே படித்தாலும் நிறைய வாசிப்பும் நிறைய எழுத்தும்தான். தமிழ் வழிப் பிள்ளைகள் திணறுவது அங்கேதான், சிந்தனையில் இல்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து இரண்டு மூன்று இடங்களாகக் குறைத்த பிறகு, அந்தப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டமும் ஒழுங்குமுறை விதிகளும் அவர்கள் தளத்தில் பிடிஎஃப் ஆக இருக்கும். அதை இங்கே பகிர்ந்தால் எந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம், சான்றிதழில் என்ன பெயர் வரும் என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.