பாக்கெட் புட்டுப்பொடி ஆகாதா?

கேள்வி: பாக்கெட்டில் வரும் எதையும் தொடக்கூடாது என்கிறாள் மகள். காலையில் அரிசி ஊறவைத்து இடிக்க நேரமில்லை. புட்டுப்பொடிகூட வாங்கக் கூடாதா? அவளோ சிறுதானிய பிஸ்கட் தின்கிறாள்!
– வாசகி, தக்கலை

பதில்: தாராளமாக வாங்குங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குங்கள். எடையில் எது அதிகமோ அதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது விதி. புட்டுப்பொடியில் அரிசி மட்டும் இருந்தால் அது வீட்டில் இடித்ததற்குச் சமம். தவிடு போகாத சிவப்புச் சம்பா என்றால் இன்னும் மேல். ஆனால் தவிட்டில் எண்ணெய் உண்டு, சீக்கிரம் காறிப்போகும். அரைக் கிலோவாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

சம்பாப் பொடி தண்ணீரை மெல்லத்தான் இழுக்கும். உப்புநீர் தெளித்து விரவி 15 நிமிடம் மூடி வைத்தபிறகு குழலில் நிரப்புங்கள். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் கட்டிபட்டு ஆவி ஏறாது, குறைந்தால் நெஞ்சை அடைக்கும். தொட்டுக்கொள்ளச் சீனி வேண்டாம், பயறோ கடலையோ போதும்.

இனி மகளின் பிஸ்கட். மைதா, சர்க்கரை, பாமாயில் முதலில் வந்து, கேழ்வரகு கடைசியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தால் அது மைதா பிஸ்கட்தான். மைதா என்று போடாமல் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்றும் போட்டிருப்பார்கள். சோடியத்தையும் பாருங்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராம் மிக்சரில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் சேர்த்தே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இடிப்பது, உலர்த்துவது, அவிப்பது எல்லாமே பதப்படுத்தல்தான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி நல்லதாவது அதனால்தான். எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இயற்கை உணவுதானே, குக்கரில் ஆவியில் அவித்தால் சத்து வீணாகாதல்லவா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம். மரச்சீனியில் சயனைடு தரும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது, தோலில் அதிகம். உள்தோலையும் சேர்த்து உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தால் தின்னாதீர்கள். கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்துதான். சாளை மீன் குழம்போடு சாப்பிடுங்கள், அன்று சோற்றைக் குறையுங்கள். கிழங்கோடு கட்டன் (பால் சேர்க்காத தேநீர் அல்லது காப்பி) குடிப்பவர்கள் கருப்பட்டிதானே என்று கூடுதலாகப் போடாதீர்கள். அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.