சின்ன இன்ஜினின் வால்வும் ஃப்ளைவீலும்: கேட்டவர்களுக்குப் பதில்

ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அளவு சொல்லும் இடத்தில் பலரிடம் இருக்கிற ஹோண்டா ஜிஎக்ஸ் 160-ஐ எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறு மாடல் என்றால் அதன் மேனுவலில் உள்ள அளவைத்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, புல்வெட்டி பிளேடு கல்லில் மோதி நின்றுவிட்டது. பிளக்கில் ஸ்பார்க் வருகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. கயிற்றை இழுத்தால் கையைப் பிடுங்குகிற மாதிரி திருப்பி அடிக்கிறது.

முதலில் ஃப்ளைவீல் கீயைப் பாருங்கள் தம்பி: கிராங்க் தண்டின் முனையில் சுற்றும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல், இரண்டின் பள்ளத்திலும் உட்காரும் சின்ன உலோகத் துண்டுதான் கீ. ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கடக்கும்போதுதான் ஸ்பார்க் விழுகிறது, அந்தக் காந்தம் பிஸ்டனோடு சரியான நேரத்தில் சேர்ந்து வருவதற்கு அந்தச் சின்னக் கீதான் அடையாளம். கீ பாதி நகர்ந்தாலே ஸ்பார்க் தப்பான நேரத்தில் விழும், அதனால்தான் திருப்பி அடிக்கிறது. நட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கிராங்கில் உள்ள பள்ளமும் ஃப்ளைவீலில் உள்ள பள்ளமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் படிபோல விலகித் தெரிந்தால் கீ வெட்டுப்பட்டிருக்கிறது.

மாற்றும்போது கம்பெனி என்ன கீ போட்டிருந்ததோ அதையே போடுங்கள். மென்மையான உலோகக் கீ இருந்த இடத்தில் "இனிமேல் வெட்டுப்படாது" என்று கடினமான ஸ்டீல் கீயைச் செதுக்கிப் போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காத வேலை. ஃப்ளைவீலை இறுக்கிப் பிடித்திருப்பது டேப்பரும் (கிராங்க் முனையின் கூம்புப் பகுதி) நட்டும்தான், கீ இல்லை. அப்புறம் ஒன்று, கல்லில் மோதிய இன்ஜினில் கிராங்க் வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு. பிளக் வயரைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கயிற்றை இழுத்து, பிளேடு பக்கத்துக் கிராங்க் முனை ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஓட்டவே வேண்டாம்.

கேள்வி: ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லர் இல்லை, சுத்தியலால் தட்டிக் கழற்றலாமா?

வேண்டாம். விளிம்பில் தட்டினால் ஃபின் (காற்றடிக்கும் இறக்கை) உடையும், காந்தம் கழன்றுவரும், கிராங்க் முனையில் நேராக அடித்தால் மரை நசுங்கிவிடும். மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுப்பதும் தப்பு, ஃப்ளைவீல் கோணிவிடும். நடுவில் உள்ள துளைகளில் போல்ட் போட்டு இழுக்கிற வகைதான் வேண்டும். நட்டை முழுதாக எடுக்காமல் கிராங்க் முனையோடு சமமாக விட்டுவிட்டு இழுங்கள், மரைக்கும் பாதுகாப்பு, ஃப்ளைவீலும் துள்ளி விழாது.

கேள்வி: திரும்ப மாட்டும்போது டேப்பரில் ஆயில் தடவலாமா?

கூடாது. இரண்டு பக்கமும் துடைத்து, உலர்ந்தபடியே மாட்டுங்கள். நட்டு ஜிஎக்ஸ் 160-க்கு 75 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 0.4 மி.மீ.

கேள்வி: காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. சூடேறியதும் நிறுத்தினால், ஆறினால்தான் மறுபடி எடுக்கிறது. டாப்பெட் சத்தம்கூட (வால்வு பக்கம் டக்டக் என்று தட்டுவது) இல்லை சார்.

சத்தம் இல்லாததுதான் எனக்குச் சந்தேகம். வால்வு தான் உட்காரும் சீட்டில் அடித்து அடித்து உள்ளே இறங்க இறங்க, அதன் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும், சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) போய்விடும். அப்படியே விட்டால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கருகிவிடும். காயில் சூட்டில் செத்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதனால் நின்றவுடனே ஸ்பார்க் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் ராக்கர் மூடியைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ராக்கரும் லேசாக ஆடும், ஒன்று இறுக்கமாக இருந்தால் தப்பான ஸ்ட்ரோக்கில் நிற்கிறீர்கள், இன்னொரு சுற்று சுற்றுங்கள். இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உரசிக்கொண்டே நகர வேண்டும், திணிக்கவும் கூடாது, வழுக்கி ஓடவும் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும், அதனால் இறுக்கியபின் மறுபடி கேஜை விட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. கயிற்றை இழுக்கவே முடியவில்லை, கீ நன்றாகத்தான் இருக்கிறது.

பிளக்கைக் கழற்றி இழுத்துப் பாருங்கள். ஆயிலோ பெட்ரோலோ பீய்ச்சிக்கொண்டு வந்தால் அது சிலிண்டருக்குள் நிரம்பியிருக்கிறது. இல்லையென்றால் வால்வு இடைவெளி அதிகமாக இருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனைக் கொஞ்சம் வெளியே விட, கேம்ஷாஃப்டில் உள்ள ஒரு அமைப்பு வால்வை ஒரு துளி தூக்கிவிடும். இடைவெளி பெருத்துவிட்டால் அந்தத் தூக்கல் வால்வுவரை போய்ச் சேராது.

கேள்வி: வால்வை கிரைண்டிங் பண்ண வேண்டுமா என்று எப்படித் தெரியும்?

இடைவெளி சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லையென்றால், பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டு பிளக் துளை வழியாகக் காற்றை விடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், கார்புரேட்டரில் சீறினால் இன்டேக், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், அதற்கு வால்வைத் தேய்த்துப் பயனில்லை.

வால்வுதான் என்றால், மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, ரப்பர் கப் குச்சியால் இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம் விழும். அது வந்ததும் நிறுத்துங்கள். தேய்க்கத் தேய்க்க அந்த வளையம் அகலமாகும்: புதிதில் 0.8 மி.மீ. இருக்கும், 2 மி.மீ. ஆகிவிட்டால் சீட்டைக் கட்டர் போட்டுத் திருத்த வேண்டியதுதான். பேஸ்ட் ஒரு பொட்டுகூட உள்ளே தங்காமல் கழுவுங்கள்.

கேள்வி: எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வு பார்ப்பது?

ஜிஎக்ஸ் 160-க்கு 300 மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. சிலிண்டர் தலையை (ஹெட்) எப்போது கழற்றி மாட்டினாலும் மணிக்கணக்கு பார்க்காமல் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.