58 கிணறும் ஒரு த்ரீடி மலையும்

வணக்கம் அண்ணா,

நான் எம்.எஸ்சி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், ஊரு பாலக்கோடு பக்கத்துல. ப்ராஜெக்ட்டுக்காக நம்ம தர்மபுரி மாவட்டத்துல 58 எடத்துல கிணறு, போர்னு தண்ணி பிடிச்சு ஃப்ளோரைடு அளந்து வெச்சிருக்கேன். எக்ஸெல் ஷீட்ல லாங்கிட்யூட், லாட்டிட்யூட், ஃப்ளோரைடு பிபிஎம்னு மூணு காலம் (column) இருக்கு. எங்க கைடு, "இதை ஆர் (R) சாஃப்ட்வேர்ல போட்டு கலர்ஃபுல்லா ஒரு த்ரீடி சர்ஃபேஸ் ப்ளாட் எடுத்துட்டு வா, வைவால நல்லா இருக்கும்"னு சொல்லிட்டாங்க. ஆர்ல த்ரீடி வரையற பெர்ஸ்ப் (persp) கமாண்டுல மூணு காலத்தையும் குடுத்தா "இன்க்ரீஸிங் எக்ஸ் அண்ட் ஒய் வேல்யூஸ் எக்ஸ்பெக்டட்"னு எரர் வருது. ஃப்ரெண்டு ஒருத்தி, ரெண்டு காலத்தையும் சார்ட் பண்ணிட்டு குடுடின்னா, அப்படிக் குடுத்தா இசட் தப்புன்னு வேற எரர். ஏன் இப்படி வருது அண்ணா? ப்ளாட்லிங்கிற (plotly) பேக்கேஜ்ல போட்டா மவுஸ்ல சுத்திப் பார்க்கலாமாமே, அதுலயே போட்டுடலாமா? பேரு போட வேணாம், கைடு பார்த்தா வம்பு.

*

வணக்கம்மா. பேரு போடல, நிம்மதியா படிங்க.

மொதல்ல அந்த ஃப்ரெண்டு சொன்ன சார்ட் வேலையை விட்ருங்க, காலத்தைத் தனித்தனியா சார்ட் பண்ணீங்கன்னா அரூர் கிணத்து லாங்கிட்யூடுக்கு பென்னாகரத்து லாட்டிட்யூட் வந்து ஒட்டிக்கும், அப்புறம் அந்த ஷீட்டே உங்களோடது இல்ல. ஒரிஜினல் ஃபைல் பத்திரமா இருக்கான்னு இப்பவே ஒரு தடவை பார்த்துக்குங்க.

எரர் ஏன் வருதுன்னா, பெர்ஸ்ப்புக்கு மூணு காலம் புரியாது. அதுக்கு வேணும்ங்கிறது ஒரு க்ரிட். எக்ஸ்னா மேற்குலேர்ந்து கிழக்கா வரிசையா ஏறிட்டே போற கோடுகள், ஒய்னா தெற்குலேர்ந்து வடக்கா அதே மாதிரி, இசட்ங்கிறது அந்த ரெண்டு கோடும் வெட்டிக்கிற ஒவ்வொரு மூலையிலயும் ஒரு நம்பர் இருக்கிற மேட்ரிக்ஸ், எக்ஸ் எத்தனையோ அத்தனை ரோ, ஒய் எத்தனையோ அத்தனை காலம். நம்ம ஊர்ல எவனும் க்ரிட் போட்டு கிணறு வெட்டல, தண்ணி இருக்கிற எடத்துல வெட்டினான், அதனால உங்க 58 புள்ளியும் சிதறித்தான் கெடக்கும். அதைக் க்ரிட்டா மாத்தித் தர்றதுக்குன்னு இன்டெர்ப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுல அதே பேர்ல இருக்கிற ஃபங்ஷனுக்கு உங்க மூணு காலத்தையும் அப்படியே குடுங்க, எக்ஸ் ஒய் இசட்னு பிரிச்சு திருப்பிக் குடுக்கும், அதை எடுத்து பெர்ஸ்ப்ல போட்டா படம் வந்துடும். ஒரே ஊர்ல ரெண்டு போருக்கு ஒரே கோ-ஆர்டினேட் போட்டிருந்தீங்கன்னா டூப்ளிகேட்னு கத்தும், அங்க சராசரி எடுத்துக்கச் சொல்லி "mean"னு ஒரு ஆப்ஷன் குடுக்கணும், ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டும் எவ்வளவு வித்தியாசமா இருக்குன்னு பாருங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். ஓரத்துல இருக்கிற கிணறுகளைச் சுத்தி ஒரு கயிறு கட்டினா அதுக்கு வெளிய எல்லாம் என்ஏன்னு காலியா வரும். அது கோளாறு இல்ல, அப்படியே விடுங்க.

எரர் மேட்டர் இவ்வளவுதான். இதுக்கு மேல சொல்றது நீங்க கேக்காதது.

அந்த ஃபங்ஷன் நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா 40க்கு 40 க்ரிட் போடும், அதாவது 1600 மூலை. நீங்க பைக்ல போயி தண்ணி பிடிச்சது 58. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. படத்துல ரெண்டுக்கும் ஒரே கலரு, ஒரே பளபளப்பு, எது அளந்தது எது நெரப்பினதுன்னு பார்க்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. 58 கம்பம் நட்டு மேல துணி போட்ட பந்தல்மா அது, துணி எங்க தொங்குதுங்கிறது கம்பத்துக்கு நடுவுல இருக்கிற தூரத்தைப் பொறுத்தது, தரையில என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது இல்ல.

ஆர் படிக்கிற எல்லாரும் மொதல்ல போட்டுப் பார்க்கிற த்ரீடி படம் ஒண்ணு இருக்கும், வால்கேனோன்னு ஆர் கூடவே வர்ற டேட்டா. நியூசிலாந்து ஆக்லாந்துல இருக்கிற மவுங்கா ஃபாவ்ங்கிற எரிமலைக் குன்று அது. ஆரை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ராஸ் இஹாகா, அதே ஆக்லாந்து யுனிவர்சிட்டிக்காரர், மேப்பைப் பார்த்து 10 மீட்டருக்கு ஒரு புள்ளின்னு 87 வரிசை 61 காலம் எடுத்து வெச்சார், மொத்தம் 5307 உயரம். அந்தப் படம் அவ்வளவு அம்சமா இருக்குன்னா காரணம், ஒவ்வொரு மூலைக்கும் மேப்புலேர்ந்து படிச்ச ஒரு நம்பர் இருக்கு, நடுவுல நெரப்ப வேண்டியதே இல்ல. கைடுங்க மனசுல இருக்கிறது அந்தப் படந்தான், கையில இருக்கிறது உங்க ஷீட்டு. இதான் சிக்கல்.

சரி, நெரப்பினா என்ன, எல்லா மேப்பும் அப்படித்தானேன்னு கேக்கலாம். மலை உயரம்னா ஒத்துக்குவேன், 10 மீட்டர் தள்ளிப் போனா உயரம் கொஞ்சந்தான் மாறும். மழைக்குக்கூட ஓரளவுக்கு ஒத்துக்கலாம். ஃப்ளோரைடு அப்படி இல்ல. நம்ம மாவட்டத்துக்கு அடியில இருக்கிறது கிரானைட்டும் நைஸும், கெட்டிப் பாறை, தண்ணி நிக்கிறது பாறை வெடிப்புல. ஃப்ளோரைடு வர்றதே அந்தப் பாறையில இருக்கிற ஃப்ளோரைட், அப்படைட், பயோடைட் மாதிரி தாதுலேர்ந்துதான், தண்ணி எவ்வளவு காலம் அந்த வெடிப்புல நின்னுச்சு, அதுல கால்சியம் எவ்வளவு இருக்குங்கிறதை வெச்சு கூடும் கொறையும். அதனால ரோட்டுக்கு இந்தப் பக்கம் போர்ல ஒரு நம்பரும் அந்தப் பக்கம் கிணத்துல வேற நம்பரும் வர்றது இங்க சாதாரணம். மேல ரெண்டு டூப்ளிகேட்டையும் பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான். ஒரே ஊர்லயே அவ்வளவு வித்தியாசம் இருந்தா, 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு ஊருக்கு நடுவுல வழவழன்னு ஒரு சரிவு வரையறதுக்கு என்ன அர்த்தம்? கிணறையும் போரையும் கலந்து ஒரே சர்ஃபேஸ்ல போடறதும் வேணாம், ஆழம் வேற, தண்ணி வேற, தனித்தனியா போடுங்க. படம் ஸ்மூத்தா வரணும்னு, வளைவா நெரப்புற ஸ்ப்லைன் ஆப்ஷனைத் தட்டிடாதீங்க, அது ரெண்டு உயரமான புள்ளிக்கு நடுவுல துள்ளிக் குதிக்கும், சில எடத்துல ஃப்ளோரைடு மைனஸ்ல போயிடும், எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் அதைப் பார்த்துட்டா வைவா அங்கயே முடிஞ்சுது. நேர்கோட்டுல நெரப்புற ஆப்ஷன் முக்கோணம் முக்கோணமா அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா உங்க நம்பருக்குக் கீழயும் போகாது மேலயும் போகாது.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்குன்னே இருக்கிற வில்லங்கம். டிகிரியை மீட்டரா மாத்த யூடிஎம்னு போவீங்க, உலகத்தை ஸோன் ஸோனா பிரிச்சு மீட்டர்ல எடம் சொல்ற முறை அது. அந்த ஸோன் 43ம் 44ம் பிரியற கோடு 78 டிகிரி லாங்கிட்யூட், அது நம்ம மாவட்டத்துக்கு நடுவுலயே போகுது, பென்னாகரமும் ஒகேனக்கல்லும் அந்தப் பக்கம், தர்மபுரியும் பாலக்கோடும் இந்தப் பக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் இதே கதைதான், ஓசூர் 43, கிருஷ்ணகிரி 44. ஜிபிஎஸ் அதுபாட்டுக்கு ஸோன் மாத்திக் குடுத்துச்சுன்னா பென்னாகரத்துக் கிணறுக்கு ஈஸ்டிங், அதாவது கிழக்கு மேற்கு மீட்டர் கணக்கு, 8 லட்சத்துக்கு மேல வரும், தர்மபுரிக்கு 2 லட்சத்துக்கு உள்ள வரும். படத்துல பென்னாகரம் அரூருக்கும் கிழக்கால, கடலுக்குள்ள எங்கயோ போயி நிக்கும். எல்லாத்துக்கும் 44னே வெச்சுக்குங்க, இந்த தூரத்துக்கு பெரிசா பிசகாது. இல்ல டிகிரியிலயே விட்டாலும் பரவால்ல, நம்ம அட்சரேகையில ஒரு டிகிரி கிழக்கா போனா 109 கிலோமீட்டர், வடக்கா போனா 110 சொச்சம், கிட்டத்தட்ட சதுரந்தான்.

இப்ப ப்ளாட்லி. சுத்திப் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பெர்ஸ்ப்ல ரோதான் எக்ஸ், ப்ளாட்லில காலந்தான் எக்ஸ். அதே மேட்ரிக்ஸை அப்படியே தூக்கிப் போட்டா கிழக்கு மேற்கு போயி வடக்கு தெற்கா ஆயிடும், மேற்கால இருக்கிற பென்னாகரம் தெற்கால வந்து உக்காந்துக்கும். உங்க க்ரிட் 40க்கு 40ன்னு சதுரமா இருக்கறதால எரரும் வராது, அழகா தப்பா இருக்கும். ரோவைக் காலமா, காலத்தை ரோவா மாத்தி டிரான்ஸ்போஸ் பண்ணிட்டுக் குடுக்கணும், ஆர்ல அது "t"னு ஒரே எழுத்து. வைவா அன்னிக்கு லேப்டாப்ல சுத்திக் காட்டலாம், ரிப்போர்ட்ல பிரிண்ட் பண்ணா எப்படியும் ஒரே கோணந்தான்.

அந்த ஒரே கோணத்துக்கு வருவோம். பெர்ஸ்ப்ல தீட்டாங்கிறது சுத்துறது, ஃபைங்கிறது எவ்வளவு மேலேர்ந்து பார்க்கிறோம்ங்கிறது, சும்மா விட்டா 0, 15. 15ல பார்த்தா முன்னாடி இருக்கிற ஒரு மேடு பின்னாடி இருக்கிற பாதி மாவட்டத்தை மறைச்சுடும், ஃபையை 40 வரைக்கும் ஏத்திட்டு தீட்டாவை மாத்தி மாத்திப் பாருங்க. டிக்டைப்பை டீடெயில்டுன்னு வெச்சாத்தான் அச்சுல நம்பரே வரும், இல்லன்னா வெறும் அம்புக்குறி. கலர் மூலைக்கு இல்ல, கட்டத்துக்கு, 40க்கு 40 மூலைன்னா கட்டம் 39க்கு 39, அதாவது 1521 கலர், ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு மூலையோட சராசரியை எடுத்து கலர் குடுக்கணும், 1600 குடுத்தீங்கன்னா கலர் எல்லாம் சாய்வா நழுவிட்டே போகும், ஏன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ராத்திரி போயிடும். ரெயின்போ வேணாம், ஹெச்சிஎல் கலர்ஸ்னு ஆர்லயே இருக்கு, அதுல விரிடிஸ் போடுங்க, பிளாக் அண்ட் ஒயிட் ஜெராக்ஸ்லகூட கூட கொறைச்சல் தெரியும்.

முக்கியமா ஒண்ணு பண்ணுங்க. பெர்ஸ்ப் படத்தை வரைஞ்சு முடிச்சதும் சத்தமில்லாம ஒரு மேட்ரிக்ஸ் திருப்பிக் குடுக்கும், அதை ஒரு பேர்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு டிரான்ஸ்3டிங்கிற ஃபங்ஷன்ல அந்த சர்ஃபேஸுக்கு எடுத்த கிணறு, இல்ல போர், எல்லாத்தையும் குடுத்தா அந்த சர்ஃபேஸ் மேலயே கறுப்புப் புள்ளியா வெக்கலாம். அந்தப் பக்கத்துச் சரிவுல ஒளிஞ்சிருக்க வேண்டிய கிணறும் மேலயே தெரியும், பரவால்ல. அப்ப புள்ளி எங்க நெருக்கமா இருக்கு, எங்க சர்ஃபேஸ் மட்டும் தனியா வானத்துல நிக்குதுன்னு யாரு பார்த்தாலும் தெரியும். கைடு கேட்ட த்ரீடியும் ஆச்சு, பொய்யும் இல்ல. கீழ கேப்ஷன்ல "இத்தனை கிணறுகளிலிருந்து நேர்கோட்டு இடைநிரப்பல், 40 க்கு 40 க்ரிட்"னு எண்ணிக்கையோட எழுதிடுங்க, போர் படத்துக்கும் அதே மாதிரி.

ஆனா ரிப்போர்ட்டோட முக்கியமான படம் அதுவா இருக்கக் கூடாது. மாவட்ட மேப்புல 58 புள்ளி, ஒரு பிபிஎம்முக்கு உள்ள ஒரு கலர், ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை ஒரு கலர், ஒண்ணரைக்கு மேல ஒரு கலர், ஏன்னா குடிதண்ணிக்கு பிஐஎஸ்ங்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பு போட்ட வரம்பு அதுதான், ஒண்ணுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லன்னா ஒண்ணரை வரைக்கும். எந்த ஊர்ல குடிக்கலாம் எந்த ஊர்ல கூடாதுன்னு அந்தப் படம் சொல்லும், த்ரீடில எந்த மேடு ஒண்ணரையைத் தாண்டுதுன்னு கண்ணால சொல்லவே முடியாது. த்ரீடி ஆசை தீரலைன்னா நம்ம ஊரு மலையை வரையுங்க, 2000ல நாசா ஷட்டில்ல ரேடார் வெச்சு எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரம் 30 மீட்டருக்கு ஒண்ணுன்னு ஃப்ரீயா கெடைக்குது, ஏற்கனவே க்ரிட்டு, தொப்பூர் கணவாயும் வத்தல்மலையும் சும்மா ஜம்முனு வரும். உண்மையான அளவுல போட்டா தட்டையாத்தான் தெரியும், மாவட்டத்து அகலம் எங்க மலை உயரம் எங்க, அதனால உயரத்தை எத்தனை மடங்கு இழுத்தீங்கன்னு பக்கத்துல எழுதணும்.

அப்புறம் ஷீட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற ஊர்ல தெருக்குழாய்ல பிடிச்ச சாம்பிள் ஏதாவது 58ல கலந்திருந்தா எடுத்துடுங்க, அது காவிரித் தண்ணி, அந்த ஊரு நிலத்தடித் தண்ணி இல்ல, விட்டீங்கன்னா சர்ஃபேஸ்ல அந்த எடத்துல ஒரு பள்ளம் விழும்.