சில மாதங்கள்தான் உயிரோடு இருக்கும் என்று தெரிந்தும் காப்பகத்து வயதான நாயைத் தத்தெடுக்கலாமா?

காப்பகத்தில் ஒரு கிழட்டு நாயைப் பார்த்தேன், சில மாதம்தான் தாங்கும் என்றார்கள், மனசு கேட்கவில்லை, வீட்டிலோ "சாகப் போகிற நாயை எதற்கு இழுத்து வருகிறாய்" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுங்கள். இந்த ஒரு சொல்லோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் சொன்னதையேதான் எனக்கும் சொன்னார்கள். தவிர, என்னை உறுத்திக்கொண்டே இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லாமல் உங்களை மட்டும் எடுக்கச் சொல்வது நியாயமில்லை.

நான் அழைத்து வந்தபோது அவனுக்கு 13 வயது. காப்பகத்தில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், காது போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும்போது கோப்புக்குள் ஒரு தடுப்பூசிப் புத்தகம் கிடந்தது. முதல் பக்கத்தில் 'அப்பு' என்று எழுதியிருந்தது. 11 வருடம் ஒரே கையெழுத்து, நீல மை, ஒரு தவணைகூடத் தவறவில்லை. அப்புறம் வெறும் பக்கங்கள். நான் குனிந்து அவன் காதருகே "அப்பு" என்றேன். எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே வாலைத் தரையில் இரண்டு முறை தட்டினான். இரண்டு வருடமாக யாரும் அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கவில்லை.

விட்டுவிட்டுப் போனவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 11 வருடம் அப்படிப் பார்த்துக்கொண்ட கைக்கு என்ன நேர்ந்ததோ, யாருக்குத் தெரியும்?

அவனுக்கு இருந்தது சிறுநீரக நோய். இதில் ஒரு கொடுமை, சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை இழந்த பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறித் தெரியும். அதுவரை நாய் தண்ணீர் அதிகம் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், வயசாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். மருத்துவர் எனக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொல்லிக் கொடுத்தார். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அந்த இடைவெளியில் ஊசியை நுழைக்க வேண்டும். முதல் நாள் என் கைதான் நடுங்கியது, அவன் அசையவில்லை. திரவப் பையை முன்னாடியே வெந்நீரில் போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் சிலிர்க்காமல் படுத்திருப்பான். முடிந்ததும் முதுகில் ஒரு திமில் நிற்கும். சில மணி நேரத்தில் அது மெல்லச் சரிந்து ஒரு முன்னங்காலுக்கு மேலே தொங்கி, பிறகு கரைந்துவிடும். அந்தத் திமிலோடு வாசல்வரை நடந்து போய், வெயில் விழும் இடத்தில் உட்காருவான். கண்ணில் நீலம் படர்ந்திருந்தது. அது புரை இல்லை, முதுமையில் லென்ஸ் இறுகுவதால் வருவது, பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது என்றார் மருத்துவர். அந்த நீலக் கண்ணால் தெருவில் போகிற ஒருவரையும் விடாமல் பார்ப்பான்.

இரண்டு, மிஞ்சினால் மூன்று மாதம் என்றார்கள். 4 மாதமும் 11 நாளும் இருந்தான். இதைப் பெருமையாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கடைசி 11 நாள் அவனுக்காக அல்ல.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, உடலில் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு விஷயங்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். தினமும் ராத்திரி நோட்டில் போட்டு வந்தேன். கடைசி நாட்களில் பசிக்கு 5 போட்டிருக்கிறேன். உண்மையில் என் விரலில் ஒட்டியிருந்ததை நக்கினான், அவ்வளவுதான். நடமாட்டத்துக்கு 6. பின்னங்கால்களைத் துண்டால் தூக்கிப் பிடித்து நடக்க வைத்தது நான். அந்தப் பக்கங்களில் கூட்டுத்தொகை 36, 37, 36 என்றே போகிறது. 35க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டது என் பேனா. அந்த நோட்டை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை.

அதனால் நீங்கள் இப்போதே, அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே, எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்று எழுதி வையுங்கள். மதிப்பெண் போடும் வேலையை அதன்மேல் உங்கள் அளவுக்கு ஆசை வைக்காத ஒருவரிடம் கொடுங்கள். 'கருணைக்கொலை' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை, பாதிச் சொல் பழி போடுகிறது. அறையில் நடந்தது அப்படி இருக்கவில்லை. முதலில் மயக்க ஊசி, அவன் தலை என் தொடையில் கனத்தது. பிறகு இரண்டாவது ஊசி, சில நிமிடம். கண் மூடாது என்று மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்தார், இல்லாவிட்டால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. விடுப்புக் கடிதத்தில் காரணமாக நாய் இறந்துவிட்டது என்று எழுதினேன். அதைத் திருப்பி அனுப்பி, காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இதே வேலையிடத்தில்தான் சில வருடம் முன்பு, என்னை ஐந்து வயதிலிருந்து வளர்த்த சித்தி இறந்தபோது, நெருங்கிய உறவுப் பட்டியலில் சித்தி இல்லை என்று சம்பளத்தைப் பிடித்தார்கள். நான் யாருக்கு அழலாம் என்று ஒரு பட்டியல் போட இவர்கள் யார்? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் எங்காவது சொல்ல வேண்டும்.

மனுஷங்க எத்தனை பேர் கஷ்டப்படும்போது நாய்க்கு இவ்வளவா என்று எழுதப் போகிறவர்களுக்கு: சித்திக்கு நான் செய்ததை உங்களிடம் கணக்குக் காட்டப் போவதில்லை. ஒருவருக்கு இரங்கினால் இன்னொருவருக்கு இரக்கம் தீர்ந்துவிடாது. குட்டி நாயை எடுத்து வளர்ப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக யாரோ வீட்டில் இருந்தால் இதை எடுக்காதீர்கள், ராத்திரித் தூக்கம் போய்விடும். நான் மருத்துவரும் அல்ல. ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன், நாய் முனகுகிறதே என்று நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சரி, எடுக்கப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். வழுவழுப்பான தரை என்றால் அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம்வரை ரப்பர் விரிப்பு போடுங்கள். முதல் நாளே கால் வழுக்கினால் அப்புறம் நடக்கவே பயப்படும். காப்பகத்தில் கோப்பைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தைப் பாருங்கள். பழைய பெயர் ஏதாவது இருக்கலாம்.